கவரில் வரும் கூலி: சிட்னி குறிப்புகள்

ஜூலை 1, 2025

இந்த மாதத்திலிருந்து ஆஸ்திரேலியாவில் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர். என்னைப் போன்ற கேஷுவல் (நிரந்தரமில்லாத) ஆட்களுக்குச் சம்பளத்தோடு லீவு கிடையாது, அதற்கு ஈடாக 25 சதவீதம் சேர்த்துக் குறைந்தது 31.19. எங்கள் உணவகத்தில் 18. ஞாயிறு ராத்திரி மொய்க்கவர் மாதிரி ஒன்று கைக்கு வரும், மேலே பென்சிலில் மணிக்கணக்கு. ரொக்கமாகக் கொடுப்பது குற்றமில்லை. பே ஸ்லிப் கொடுக்காமல் இருப்பதுதான் சட்டமீறல்.

ஜூலை 5

புதிதாக ஒரு பெண், விழுப்புரம் பக்கம். ட்ரையல் என்று நேற்றும் இன்றும் கடை மூடும்வரை பாத்திரம் கழுவ விட்டார்கள். கூலி, ஒரு சாம்பார் சாதம் பார்சல். வேலை தெரியுமா என்று பார்க்கத் தேவையான நேரத்துக்கு மட்டும்தான் சம்பளமில்லாத ட்ரையல் செல்லும். பாத்திரம் கழுவத் தெரியுமா என்று பார்க்க இரண்டு ராத்திரியா? சொன்னேன். "விடுங்கண்ணா, முதல் வேலை" என்றார்.

ஜூலை 9

விஷயம் முதலாளி காதுக்குப் போயிருக்கிறது. கல்லாவில் சில்லறை எண்ணியபடியே, "தம்பி, நம்ம ஊர்ப் பிள்ளைங்கன்னுதான் வேலை தர்றேன். கம்ப்ளைன்ட் அது இதுன்னு போனா விசா போயிடும், பார்த்துக்க" என்றார். தம்பி என்று கூப்பிட்டால் மணிக்கு 13 டாலர் பிடித்துக்கொள்ளலாம் போல.

மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும்போது இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்க்கலாம், விடுமுறையில் அந்த வரம்பே இல்லை. நான் தாண்டியதில்லை. தாண்டியவர்கள்தான் வாயைத் திறக்க மாட்டார்கள். 2015-இல் வெளியே வந்த செவன் இலெவன் என்ற சங்கிலிக் கடைகளின் விவகாரத்திலும் இதே உத்திதான்: கூடுதல் நேரம் வேலை வாங்குவது, பாதிக் கூலி கொடுப்பது, கேட்டால் விசாவைச் சொல்லி மிரட்டுவது. 2024 ஜூலையிலிருந்து, சுரண்டப்பட்டதற்குச் சான்று வாங்கிப் புகார் செய்பவருக்குச் சில நிபந்தனைகளோடு விசா ரத்தாகாமல் பாதுகாப்பு உண்டு. இதை முதலாளி அண்ணன் சொல்ல மாட்டார்.

ஜூலை 14

அரசின் மொழிபெயர்ப்புச் சேவை எண் 131 450-ஐ அழைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் மூலம், கூலிப் புகார்களைக் கவனிக்கும் அரசின் ஃபேர் வொர்க் அலுவலகத்தோடு பேசினேன். "சொல்லுங்கோ" என்று யாழ்ப்பாணத் தமிழ் கேட்டதுமே பாதிப் படபடப்பு போய்விட்டது. 6 வருடப் பாக்கிவரை கேட்கலாம். முதலாளி பே ஸ்லிப்பும் பதிவேடும் வைக்காவிட்டால், வழக்கென்று வந்தால் கூலி கொடுத்ததை அவர்தான் நிரூபிக்க வேண்டும். சூப்பர் என்ற ஓய்வுகாலச் சேமிப்புக்கு முதலாளி கட்ட வேண்டிய 12 சதவீதம் தனி.

ஜூலை 17

வாட்ஸ்அப்பில் வந்த ஷிஃப்ட் மெசேஜ் அத்தனையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாயிற்று. கவர்களையும் தூக்கிப் போடவில்லை, நல்லவேளை. திங்கட்கிழமை அண்ணனிடம் கணக்கோடு கடிதம் கொடுக்கிறேன். விழுப்புரத்துப் பெண் போன் செய்தார்: "அண்ணா, அந்த ரெண்டு ராத்திரியையும் எழுதிடுங்க. என் பேர்லயே."