மேலே ஒரு விட்ஜெட், கீழே ஒரு விட்ஜெட், நடுவில் ஒரு க்ளிக்

எக்ஸ்ரே படங்களைத் திறந்து பார்க்கும் ஒரு மென்பொருளில் சில வருடம் வேலை பார்த்தேன். ஜன்னல், பட்டன் எல்லாம் கட்டித் தரும் க்யூட்டி லைப்ரரியும் சி பிளஸ் பிளஸ் மொழியும். படத்தைக் காட்டுவது கிராஃபிக்ஸ் வியூ என்ற விட்ஜெட், அதாவது ஜன்னலுக்குள் ஒரு இடத்தைப் பிடித்திருக்கும் துண்டு. அதன் மேல் அதே அளவில், பின்னணி நிறமில்லாமல் இன்னொரு விட்ஜெட். அளவுக்கோடு, அம்புக்குறி எல்லாம் அதில் வரைவோம், ஓரத்தில் நான்கைந்து பட்டனும் உண்டு. "கோடு தெரிகிறது, படத்தை இழுக்க முடியவில்லை" என்று டெஸ்டிங்கிலிருந்து பக் வந்தது. வராமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

இந்த இடத்தில் எல்லோரும் முதலில் கைவைப்பது இக்னோரில்தான். மேலே இருப்பது ஈவன்ட்டை (க்ளிக், மவுஸ் நகர்வு போன்ற செய்தியை) இக்னோர் செய்து வேண்டாம் என்றால் கீழே இருப்பதற்குப் போய்விடும் என்று நம்பிக்கை. போகாது. பேரன்ட்டுக்கு, அதாவது அதைத் தனக்குள் வைத்திருக்கும் விட்ஜெட்டுக்குத்தான் போகும். எங்கள் வியூவும் மேல் விட்ஜெட்டும் ஒரே மெயின் விண்டோவின் பிள்ளைகள். தம்பி வேண்டாமென்று ஒதுக்கியது அப்பாவிடம் போகும், அண்ணனிடம் போகாது. டீபக் வரி போட்டுப் பார்த்தால், க்ளிக் போய் விழுந்த இடம் மெயின் விண்டோ.

அடுத்து, மவுஸ் ஈவன்ட்டுகளைக் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லும் டிரான்ஸ்பரன்ட் ஆட்ரிப்யூட். ஒரே வரியில் படம் நகர்ந்தது. ஆனால் பட்டன்கள் செத்தன. அந்த ஆட்ரிப்யூட் விட்ஜெட்டின் பிள்ளைகளையும் சேர்த்தே மூடிவிடும். வரைந்த இடத்தை மட்டும் விட்டு மற்றதை வெட்டிவிடும் மாஸ்க் போட்டால் க்ளிக் சரியாகப் போகும், கோட்டு விளிம்புதான் பல்லுப் பல்லாகிவிடும். மருத்துவருக்குக் காட்டும் படத்தில் அது ஆகாது.

கடைசியில் மேல் விட்ஜெட்டை வியூவுக்குள் படம் தெரியும் பகுதியான வியூபோர்ட்டின் பிள்ளையாக்கினோம். வியூவின் பிள்ளையாக்கினால் போதாது, ஏனென்றால் மவுஸ் ஈவன்ட் வந்து சேரும் இடம் வியூபோர்ட். இப்போது இக்னோர் செய்ததும் போக வேண்டிய இடத்துக்கே போனது.

அப்படியும் இழுவை மட்டும் வேலை செய்யவில்லை. பிரஸ் (அழுத்தும் ஈவன்ட்) கீழே போகிறது, மூவ் (நகர்த்தும் ஈவன்ட்) போகவில்லை. மவுஸ் பட்டனை எந்த விட்ஜெட்டின் மேல் அழுத்தினோமோ அதற்குத்தான், விடும்வரை எல்லா மூவும் முதலில் வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக இக்னோர் செய்ய வேண்டும். கர்சர் இருக்கும் பிக்சல் மதிப்பைக் காட்ட மேல் விட்ஜெட்டில் மூவ் ஹேண்ட்லரை (மூவ் வந்ததும் ஓடும் கோடை) எழுதியிருந்தார்கள், அதில் இக்னோர் இல்லை. ஹேண்ட்லருக்குள் வரும்போதே ஈவன்ட் ஏற்கப்பட்டதாகத்தான் வரும், நாம் சொன்னால்தான் விலகும்.

2006-இல் க்யூட்டி 4.2 பதிப்போடு வந்த கிராஃபிக்ஸ் வியூவுக்குள் கதையே வேறு. அங்கே வரையும் ஒவ்வொரு பொருளும் ஒரு ஐட்டம். ஒரு ஐட்டம் பிரஸ்ஸை இக்னோர் செய்தால், அதே புள்ளியில் அதற்கு அடியில் தெரியும் ஐட்டத்துக்குப் போகும். நாம் கண்ணால் பார்க்கும் அடுக்கு அப்படியே. பிரஸ்ஸை ஏற்றதுதான் மூவையும் ரிலீஸையும் வாங்கும். ஒரே லைப்ரரி, ஒரே இக்னோர், இரண்டு அர்த்தம்! எனக்கு இன்னும் இதில் கொஞ்சம் கடுப்பு உண்டு.

அடுத்த ரிலீஸில் கோடுகளையும் அம்புகளையும் வியூ காட்டும் சீனுக்குள் ஐட்டங்களாக மாற்றிவிட்டோம். மேலே விட்ஜெட்டாக மிஞ்சியது பட்டன் வரிசை மட்டும், அதன் அளவுக்கே சுருக்கி.