சொந்தப் பாட்டோடு ஸ்டுடியோவுக்குப் போகிறவர்களுக்கு

அக்காவின் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, அவளுக்காகப் பியானோவில் ஒரு பாட்டு செய்ய உட்கார்ந்தேன். மெட்டு அதிகம் படுத்தவில்லை. சிவரஞ்சனி ராகத்தில் தொடங்கி மோகன ராகத்தில் முடிகிறது. இரண்டுக்கும் காந்தாரம், அதாவது 'க' என்ற சுரம் மட்டும்தான் வேறு. ஒரு கட்டை சுதியில், அதாவது C-யை 'ஸ' என்று வைத்து வாசித்தால், கருப்புக் கட்டையிலிருந்து பக்கத்து வெள்ளைக் கட்டைக்கு விரல் நகர்ந்தால் போதும். சுரத்தை வளைத்து அசைக்கும் கமகம் பேசாத வாத்தியத்தில் சிவரஞ்சனியா என்று உள்ளூர்ப் பாட்டு வாத்தியார் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

முதல் தொல்லை, மிதித்தால் ஒலியை நீட்ட வேண்டிய பெடல். மிதித்தால் ஒலி அறுந்தது, காலை எடுத்தால் நீண்டது. கிருஷ்ணகிரியில் வாங்கிய கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பழுது என்று சொல்லிப் புதிதாக ஒன்றை விற்கப் பார்த்தார்கள். பழுதே இல்லை. ஆன் செய்யும் நேரத்தில் பெடல் எப்படி இருக்கிறதோ, அதையே மிதிக்காத நிலை என்று பல கீபோர்டுகள் எடுத்துக்கொள்ளும். பெடலைச் சொருகிவிட்டு, காலை விலக்கிக்கொண்டு, அதன் பிறகு ஆன் செய்யுங்கள். காசு மிச்சம்.

பெரிய கோபம் ஸ்டுடியோ மேல்தான். எங்கள் காவேரிப்பட்டணத்து வீட்டில் மைக் வைத்தால் நெடுஞ்சாலை லாரி ஹாரன்தான் பதிவாகிறது. அதனால் முன்பணம் கட்டி ஓசூரில் ஓர் இடத்தில் வாசித்துவிட்டு வந்தேன்.

அக்காவுக்கு ஆஸ்துமா. பேச்சின் நடுவே மூச்சுக்காக நிற்பாள். யாராவது அந்த வாக்கியத்தை முடித்துவைத்தால் கோபம் வரும். கையைக் காட்டி இருக்கச் சொல்லிவிட்டு, விட்ட சொல்லிலிருந்தே தொடர்வாள். பாட்டில் சிவரஞ்சனி முடியாமல் நடுவில் நிற்பதும், சற்றுப் பொறுத்து அதே சுரத்திலிருந்து கிளம்புவதும் அதற்காகத்தான்.

ஃபைல் வந்தது. அந்த இடைவெளியைக் காணோம். எல்லாச் சுரமும் தாளத்தில் அடுக்கி நிறுத்தப்பட்டு, ஒரே பலத்தில் ஒலித்தது. போதாததற்குப் பின்னால் வயலின் கூட்டம். போன் செய்தேன்.

"தப்பெல்லாம் எடுத்துவிட்டேன் சார், இப்போது சுத்தமாக இருக்கிறது" என்றார், பெருமையாக.

மூலப் பதிவைக் கேட்டேன். அழித்துவிட்டாராம்.

ஆகவே, வாசித்து முடித்ததும் கை வைக்காத மூலப் பதிவைப் பென் டிரைவில் வாங்காமல் எழுந்திருக்காதீர்கள். குவாண்டைஸ், அதாவது சுரங்களைத் தாளத்தில் இழுத்து அடுக்கும் வேலை, வேண்டாம் என்பதை வாயால் சொன்னால் போதாது, வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள்.

கடைசியில் வேலை முடிந்தது வீட்டிலேயே. கீபோர்டின் ஹெட்போன் துளையிலிருந்து ஒயர் போட்டு நேராக லேப்டாப்பில் பதிந்தேன். மைக்கே இல்லாதபோது ஹாரன் எங்கிருந்து வரும்? லாரிகள் பாட்டுக்கு அலற, நான் பாட்டுக்கு வாசித்தேன். பாலக்கோட்டில் இருக்கும் அக்கா மகளுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். இடைவெளி வந்ததும், "மாமா, லைனில் இருக்கிறீர்களா?" என்றாள்.

முன்பணம் மட்டும் இன்னும் வரவில்லை. கேட்டால், "அடுத்த பாட்டில் கழித்துக்கொள்ளலாம் சார்" என்கிறார்.