தமிழ் உடைந்தாலும் பச்சை டிக்தான்

சிங்கப்பூரில் அதிகாரத்துவ மொழிகள் நான்கு. சமூக மன்ற நிகழ்ச்சிப் பக்கம், பள்ளிப் படிவம் என்று எதைக் கட்டினாலும் என்றாவது தமிழ் உள்ளே வந்தே தீரும். வந்ததும் வலைப்பக்கம் கட்டும் நம் டூல்கள் சொதப்புவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சொதப்பியதை வாய் திறந்து சொல்வதில்லை, அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழாவையே எடுத்துக்கொள்வோம். "தமிழ்மொழி" நமக்கு ஐந்து எழுத்து. உலாவியில் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் லெங்த் (சொல்லின் நீளம்) கேட்டால் 9 வரும். மி, ழ், மொ, ழி நான்கும் இரண்டிரண்டாக எண்ணப்படுகின்றன. படிவப் பெட்டிக்கு நீள வரம்பு வைக்கும் மேக்ஸ்லெங்த்துக்கும் இதே கணக்குதான். 20 என்று வைத்த பெட்டி இந்த விகிதத்தில் 11 எழுத்திலேயே நிரம்பிவிடும். சொல்லை வெட்டும் ஸ்லைஸ் போட்டு முதல் நான்கை எடுத்தால் "தமிழ்" வராது, புள்ளி போன "தமிழ" வரும். எரர் ஒன்றும் வராது. ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே உள்ள, எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் இன்ட்டில் செக்மென்ட்டரைக் கொண்டு எண்ணினால் சரியாக 5 கிடைக்கும். 2024-இல் ஃபயர்பாக்ஸ் 125-உம் அதை ஏற்றபின் தயங்கக் காரணமில்லை. (க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் அது இரண்டிரண்டு எழுத்தாகவே எண்ணும்.)

தலைப்பிலிருந்து உருவாகும் இணைய முகவரித் துண்டான ஸ்லக் இதைவிட மோசம். ஆங்கில எழுத்தை மட்டும் விடும் ரெஜெக்ஸ் (எழுத்துகளை வடிகட்டும் விதி) தமிழ்த் தலைப்பை மொத்தமாகத் துடைத்துவிடும். தமிழ்த் தலைப்புள்ள நிகழ்ச்சிகள் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் ஒரே வெற்று முகவரி. யூனிகோடின் எல் (எழுத்து) வகையை மட்டும் அனுமதித்தால் "தமிழ்மொழி விழா" என்பது "தமழமழ-வழ" ஆகிவிடும். காரணம், கொம்பும் காலும் புள்ளியும் எம் (குறி) வகையைச் சேர்ந்தவை. இரண்டு வகையையும் அனுமதிக்க வேண்டும். பைத்தான் ஃப்ரேம்வொர்க்கான ஜாங்கோவில் ஸ்லக் உருவாக்கும் ஸ்லக்கிஃபையில், பிறமொழி எழுத்தை அனுமதிக்கும் அலோ யூனிகோட் போட்டாலும் இதே கதிதான்: பைத்தானின் ரெஜெக்ஸ் இந்தக் குறிகளை எழுத்தாக மதிப்பதில்லை.

"மொ"வின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்ற ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

தானியங்கிச் சோதனையைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்பேன். சோதனை ஓடும் டாக்கர் இமேஜில் (தயார்நிலைக் கணினிச் சூழல்) தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் ஸ்கிரீன்ஷாட் முழுக்க வெற்றுக் கட்டங்கள். ஒப்பிடுவதற்கு வைத்த பழைய படத்திலும் அதே கட்டங்கள். இரண்டும் பொருந்துவதால் பச்சை டிக். டெபியன் லினக்ஸில் ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் பேக்கேஜை நிறுவி, பழைய படங்களை மறுபடி எடுக்க வேண்டும். உண்மையில் எந்த எழுத்துரு பயன்பட்டது என்று குரோம் டெவ்டூல்ஸின் கம்ப்யூட்டட் பகுதி அடியிலேயே காட்டுகிறது. அந்தத் தகவல் உலாவியிடம் இருக்கும்போது, எழுத்துரு கிடைக்காத பக்கத்தைச் சோதனை டூல் தானே ஃபெயில் ஆக்கலாமே!

மொழிபெயர்ப்புக்கு முன்பே திரையைச் சோதிக்க உதவும் ஆண்ட்ராய்டின் போலி மொழி ஆங்கிலத்தை நீட்டிக் காட்டுகிறது. அதனால் பட்டனுக்கு வெளியே வழியும் சொல் பிடிபடும், உதிர்ந்த புள்ளி பிடிபடாது. ஃப்ரேம்வொர்க்கின் மாதிரிச் சோதனைகளிலேயே "தமிழ்மொழி", "ஸ்ரீ", இருவகை "மொ" மூன்றும் இருந்தால் இங்கே சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை முதல் நாளே சிவப்பாகிவிடும்.