கம்பி நட்டு மண்ணரிப்பை அளந்த கதை

பழைய வட ஆற்காட்டின் ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள எங்கள் சரிவான சாமைக் கொல்லையில், மழை எவ்வளவு மண்ணைக் கொண்டுபோகிறது என்பதைக் கண்மதிப்பாகச் சொல்லாமல் அளந்தே பார்த்துவிட வேண்டும் என்று ஆனி மாதத்தில் முடிவு செய்தேன்.

இரண்டடி நீளமுள்ள இரும்புக் கம்பிகளைச் சரிவின் மேல், நடு, அடி ஆகிய மூன்று பகுதிகளிலும் அடித்து, ஒவ்வொன்றிலும் 10 சென்டிமீட்டர் மட்டும் வெளியே தெரியும்படி விட்டேன். ஏர் ஓடும் நிலத்தில் கம்பி நிலைக்காது என்பதால், உழாமல் விட்ட துண்டையே தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பெருமழைக்குப் பின் மண் காய்ந்ததும் அளக்கும்போது, வெளியே தெரியும் நீளம் கூடியிருந்தால் அரிப்பு, குறைந்திருந்தால் படிவு. கம்பியை ஒட்டி நீர் சுழன்று சிறு குழி பறித்துவிடும். அந்தக் குழியின் அடியிலிருந்து அளந்தால் அரிப்பு மிகையாகத் தெரியும் என்பதால், சற்றுத் தள்ளிய மண்மட்டத்தையே கணக்கில் கொள்கிறேன்.

ஒரு மில்லிமீட்டர் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு ஹெக்டேர் முழுவதும் அந்த அளவு மண் போனால் அது 10 கன மீட்டர். மண்ணின் பருமனடர்த்தி, அதாவது ஒரு கன மீட்டர் மண்ணின் எடை, 1.3 டன் என்று கொண்டால் மொத்தம் 13 டன். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை.

நீர் கீறிய சிறு ஓடைகளைக் கம்பிகள் பெரும்பாலும் தவறவிடுகின்றன. அவற்றின் அகலம், ஆழம், நீளம் ஆகியவற்றை நாடாவால் தனியே அளந்து, கன அளவைக் கணக்கிட்டு வருகிறேன்.