கெமுனிங் வேண்டாம், யூஜினியா போதும்: எங்கள் வீட்டு வேலியின் 16 மாதம்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தாமான் வீடுதான் (குடியிருப்புப் பேட்டை வீடு) எங்களுடையது, மூலை வீடு. சந்துப் பக்கம் 27 அடி நீளத்துக்கு வெறும் கம்பி வேலி. சமையலறைச் சன்னலைத் திறந்தால் போகிறவர் வருகிறவர் கண்ணெல்லாம் அடுப்பில்தான் இருக்கும். மதில் எழுப்பக் கேட்ட விலைக்கு மனம் ஒப்பவில்லை. பச்சை வேலிமேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசையும் உண்டு. அம்மாவும் அப்பாவும் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவிய தோட்டத்தில் துரை பங்களாவைச் சுற்றி நெஞ்சுயரத்துக்குச் செம்பருத்தி வேலி நிற்கும். அதைப் பல வருஷம் வெட்டிப் பராமரித்தவர் என் தாய்மாமா. அந்தத் தோட்டம் முழுக்க இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. மாமாவுக்கு வயது 78, கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை.

பால்மரம் வருஷத்துக்கு ஒருமுறை இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்பதைத் தோட்டத்தில் வளர்ந்த எல்லாரும் பார்த்திருப்போம். வேலிக்கு வைக்கிற செடிகள் இந்த ஊரில் அப்படிச் செய்வதில்லை. ஆகவே நான் பார்த்தது வேறு: தரையிலிருந்தே இலை நிற்க வேண்டும், வெட்டினால் தாங்க வேண்டும், பேரப்பிள்ளைகள் வாயில் வைத்தாலும் ஆபத்து இருக்கக் கூடாது. கடைசிக் காரணத்துக்காகவே அரளியையும், மஞ்சள் காய் கொத்துக்கொத்தாய்த் தொங்கும் டுராந்தாவையும் ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட்டேன். இரண்டுமே நஞ்சு.

என் மனம் கெமுனிங்மேல்தான் இருந்தது. சின்ன இலை, வெள்ளைப் பூ, அந்தி சாய்ந்தால் தெருவே மணக்கும். நர்சரியில் பேசி வைத்துவிட்டு வந்தேன். நல்லவேளையாக முன்பணம் கொடுக்கவில்லை. மறுநாள் ரசத்துக்குக் கறிவேப்பிலை கிள்ளும்போது கொழுந்தில் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பூச்சி. தலையைத் தண்டோடு அழுத்தி, பின்பக்கத்தைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு முள் மாதிரி உட்கார்ந்திருந்தது. விரலை அருகே கொண்டுபோனதும் துள்ளிப் பறந்துவிட்டது. சைலிட் என்கிற பூச்சி இது.

அது யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். சில வருஷம் முன்பு எங்கள் பழைய எலுமிச்சை மரத்தில் இலை திட்டுத்திட்டாக மஞ்சளித்து, காய் ஒருபக்கம் கோணிச் சிறுத்து, பழுக்காமலே உதிர்ந்தது. விவசாய இலாகா அதிகாரி ஒருவர் பார்த்துவிட்டு, இந்தப் பூச்சி கொண்டுவரும் கிருமி நோய், மருந்து கிடையாது, மரத்தை எடுத்துவிடுங்கள் என்றார். ஹுவாங்லாங்பிங் என்று பெயர் சொன்னார். வெட்டும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

கெமுனிங், கறிவேப்பிலை, எலுமிச்சை மூன்றும் ஒரே குடும்பம். சைலிட் இளங்கொழுந்தில்தான் முட்டையிடும். வேலியை வெட்ட வெட்டக் கொழுந்து விட்டுக்கொண்டே இருக்கும். அப்படியானால் 27 அடிக்குக் கெமுனிங் வைப்பது அந்தப் பூச்சிக்கு வருஷம் முழுக்கப் பந்தி விரிப்பதற்குச் சமம். பின்கட்டில் லீமாவ் கஸ்தூரி என்கிற சின்ன எலுமிச்சை வகை ஒன்று நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பணயம் வைக்க முடியாது. வாசத்தை விட்டுக்கொடுத்தேன். கறிவேப்பிலையை மட்டும் விட மனமில்லை. கொழுந்தை அடிக்கடி கிள்ளிச் சமையலுக்கு எடுத்துவிடுகிறேன், வாரம் ஒருமுறை இலையைப் புரட்டிப் பார்க்கிறேன்.

அடுத்த எண்ணம் இட்லிப்பூ. நம் பழம்பாட்டில் ஆநிரை கவரப் போகும் வீரர் சூடிய வெட்சி இதுதான் என்பார்கள். இக்ஸோரா என்ற தாவரப் பெயரும் ஈஸ்வரன் என்ற சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் வாசலில் புதிதாகக் கட்டிய சிமெண்ட் கால்வாய் ஓரம் நான் முன்பே வைத்திருந்த நான்கும் கொழுந்து மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தன. தழைச்சத்துக் குறைந்தால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். கொழுந்து வெளுத்தால் இரும்புச் சத்தைச் சந்தேகிக்க வேண்டும். தோண்டினால் ஒரு சாண் ஆழத்தில் காரைக்கட்டி. சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கிவிடும், அப்போது மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. கட்டிகளைப் பொறுக்கிப் போட்டு, மக்கிய இலை கலந்து, இரும்புச் சத்துத் திரவத்தை இலைமேல் இரண்டு தடவை தெளித்தேன். இப்போது தேறிவிட்டன. வேலிக்கு மட்டும் இட்லிப்பூ வேண்டாமென்று முடிவு செய்தேன். பூ கிளை நுனியில்தான் வரும், வேலியாக வெட்டினால் பூவையும் சேர்த்து வெட்ட வேண்டியிருக்கும்.

கடைசியில் யூஜினியா. நாவல், கிராம்பு, ஜம்பு ஆயர் (நீர் ஜம்பு) எல்லாம் இதன் சொந்தக்காரர்கள். நம் நாட்டுக் காட்டிலேயே இருக்கிற செடி. 2024 அக்டோபரில், மழை பிடித்துக்கொண்ட வாரம், இரண்டடி உயரத்தில் 18 செடி வாங்கினேன். ஒன்று 6 வெள்ளி (ரிங்கிட்). ஒன்றரை அடி இடைவெளியில் வைத்தேன்.

நட்டு மூன்றாம் மாதம் மாமா வந்தார். செடிகள் கிடுகிடுவென்று மேலே போயிருந்தன, நான் பூரித்துப்போய்க் காட்டினேன். அவர் கத்தரியைக் கேட்டார்.

"மாமா, இப்பத்தானே வளருது, வெட்டணுமா?"

"தலையக் கிள்ளாட்டி ஒத்தையா ஓடிப்போயிடும், அம்மாடி. அப்புறம் அடியில காலு தெரியும். மேல அடைக்கிறது சுலபம், கீழ அடைக்கிறதுதான் வேலை."

ஒவ்வொன்றிலும் அரையடி கழித்துவிட்டார். அன்று மனம் கேட்கவில்லை. பத்து நாள் கழித்துக் குனிந்து பார்த்தேன். வெட்டிய இடத்துக்குக் கீழே எதிரெதிராக இருந்த இரண்டு இலைக் கக்கத்திலும் கிளிமூக்கு மாதிரி இரண்டு செந்தளிர். நுனி மொட்டு இருக்கிறவரை பக்க மொட்டுகளைத் தூங்க வைத்திருக்கும், அது போனதும் எல்லாம் விழித்துக்கொள்ளும். செம்பு நிறம் ஆரஞ்சாகி, பச்சையாகிற வரைக்கும் தினமும் காலையில் போய்ப் பார்த்தேன்.

அதிலிருந்து ஆறு ஏழு வாரத்துக்கு ஒருமுறை நானே வெட்டுகிறேன். இரண்டு முனையிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டிக்கொள்வேன். வேலியின் அடிப்பாகம் இரண்டடி அகலம், தலைப்பாகம் ஒன்றரை அடி. செங்குத்தாக வெட்டினால்கூடக் காலப்போக்கில் தலைப்பக்கம் பருத்து அடிக்கு வெயில் மறைந்துவிடும், அடி இலை உதிர்ந்தால் அந்த ஓட்டை லேசில் அடையாது. உரம், தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 15:15:15 பச்சைக் குருணை, இரண்டு மாதத்துக்கு ஒரு சின்னப் பிடி. அவ்வளவுதான்.

செடியடி மண்ணை மூடப் போடும் மூடாக்கில் ஒரு பிழை நடந்தது. செம்பனை ஆலையிலிருந்து பழம் உதிர்த்த காலிக் குலைகளைத் தம்பி லாரியில் கொண்டுவந்து இறக்கினான். சாம்பல் சத்து நிறைந்தது என்று தடிமனாகப் பரப்பினேன். நான்கு மாதம் கழித்துக் கிளறினால் கட்டைவிரல் பருமனில் வெள்ளைப் புழுக்கள், அரைவட்டமாகச் சுருண்டு கிடந்தன. காண்டாமிருக வண்டின் புழு. மக்குகிற குலையில்தான் அது பெருகும், வளர்ந்தால் தென்னங்குருத்தைத் துளைக்கும். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் இரண்டு தென்னை இருக்கிறது. புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போட்டேன், குலைகளை நறுக்கி வெயிலில் உலர்த்தி மெல்லிசாக மட்டுமே போட்டேன். தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறும் மண்.

இன்றைக்கு வேலி நாலரை அடி. சன்னல் மறைந்துவிட்டது. மூன்றாவது செடி மட்டும் இடுப்புக்குக் கீழேயே நிற்கிறது. நட்ட அன்று மழை வலுத்ததால் அவசரத்தில் அதை மட்டும் பாலிபேக்கிலிருந்து எடுத்தபடியே குழியில் இறக்கினேன், அடியில் பாய் சுருட்டியது போலிருந்த வேரை நறுக்கவில்லை. போன வாரம் பக்கவாட்டில் தோண்டிப் பார்த்தேன். வேர் இன்னும் பையின் வடிவத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஏப்ரல் மழைக்கு அதை எடுத்துவிட்டு வேறு வைக்கப் போகிறேன். மாற்றுச் செடி தொட்டியில் தயாராக இருக்கிறது, தலையை ஒருமுறை கிள்ளியாகிவிட்டது.