ஒரே ஒரு மேட்ச்

பஸ் வந்து நிற்கிறது. நீட் கோச்சிங் பையோடு நிற்கும் பையன் போனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, ஒரு நிமிஷம், கடைசி வட்டம்!"

கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

கேமை நடுவில் நிறுத்த முடியாததுதான் சிக்கலே. பிஜிஎம்ஐ என்ற போன் துப்பாக்கிச் சண்டை கேமில், எரங்கல் மேப்பில் கடைசி வரை தாக்குப்பிடித்தால் சுமார் 30 நிமிடம். இறங்கியதும் செத்தால் இன்னும் மோசம், கடுப்பில் உடனே அடுத்தது. "ஒரு மணி நேரம் மட்டும்" என்று வைத்த அலாரம் எப்போதும் பாதி மேட்சில்தான் அடிக்கும்.

மணியை விட்டு மேட்சை எண்ணுங்கள். ரெண்டு. செத்தாலும் ஜெயித்தாலும்.

நீட் 2025 மதியம் 2 முதல் 5 வரை நடந்தது. 180 கேள்வி, 180 நிமிடம். வீட்டில் மாதிரித் தேர்வும் அதே நேரத்தில்தான். போன் அடுத்த அறையில், சைலண்ட் இல்லை, ஆஃப். ஸ்குவாட் (கூட ஆடும் குழு) அழைப்பு ஒன்று போதும், இயற்பியல் கணக்கு அந்தரத்தில் நிற்கும்.

தப்பான விடைகளை நோட்டில் எழுதிய பிறகே கேம் (தப்புக்கு ஒரு மார்க் கழியும், தெரியும்தானே). எழுதாமல் போனால் எங்கே சறுக்கினோம் என்பதே மறந்துவிடும்.

ராத்திரி ரேங்க் மேட்ச் வேண்டாம். ஆடியே தீரணும் என்றால் டிடிஎம் (டீம் டெத்மேட்ச், குழுவுக்குக் குழு சின்ன மோதல்), 10 நிமிடத்தில் முடிந்துவிடும்.