கறுப்பு வண்டியும் கணக்கில் வராத இரண்டரை வருஷமும்

நவம்பர் 4

வாங்க நினைக்கிற பழைய கறுப்புச் சொகுசுக் கார் இதுவரை ஓடியது 2,31,460 கி.மீ. யாரிடம் பேசினாலும் முதலில் இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். சொன்னதும் முகம் மாறுகிறது. தம்பி சிரித்தே விட்டான். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காதண்ணே."

2006 மாடல். ஆறு சிலிண்டர் பெட்ரோல், நாலு மூலையிலும் ஏர் சஸ்பென்ஷன், அதாவது இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று நிரப்பிய ரப்பர் பை. புதிதாக வந்தபோது ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடிந்தது. இப்போது சாதாரண சின்ன வண்டியின் விலைக்குக் கேட்கிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது. வண்டியின் விலை இறங்கிவிட்டது, பாகங்களின் விலை அன்றைய உயரத்திலேயே நிற்கிறது.

நவம்பர் 5

வண்டியை விற்கிற பையன் அதன் சர்வீஸ் ஃபைலைக் கொடுத்து அனுப்பினான். இரண்டு விரல் தடிமன். அவன் அப்பா ஒவ்வொரு பில்லின் மூலையிலும் பேனாவால் கி.மீ. எழுதியிருக்கிறார். ஆயில் எட்டாயிரத்துக்கு ஒரு முறை. கம்பெனி சொன்ன இடைவெளி அதற்கு இருமடங்கு. கூலன்ட், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாம் தேதியோடு. வாட்டர் பம்ப்பை ஒழுகுவதற்கு முன்பே மாற்றியிருக்கிறார். இப்படி ஒரு மனிதர் வைத்திருந்த வண்டிக்கு ஓடோமீட்டர் எண் பெரிதாக இருப்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

ஆனால் நடுவில் ஒரு ஓட்டை. 2016 ஜூனில் ஒரு பில். அடுத்தது 2019 ஜனவரியில்.

நவம்பர் 6

2016 ஜூனுக்கும் 2019 ஜனவரிக்கும் நடுவில் என்ன நடந்தது?

நவம்பர் 8

தம்பியின் திருப்திக்காக ஒரு டீலரிடம் வெள்ளி நிற வண்டி ஒன்றைப் பார்த்தேன். அதே வயசு, 92,000 கி.மீ. என்கிறார்கள். கண்ணாடி மாதிரி பாலிஷ். எஞ்சினைக்கூடக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். எங்கிருந்து ஆயில் கசிகிறது என்று பார்க்க வழியே இல்லை. சர்வீஸ் பேப்பர் கேட்டால் "முதல் ஓனர் சார், நல்ல மனுஷன் சார்" என்று பதில்.

ஸ்கேனரை ஓபிடி சாக்கெட்டில், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற இடத்தில், செருகினேன். ஒரு ஃபால்ட்கூட இல்லை. அப்புறம் வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் ரெடினெஸ் பக்கத்தைத் திறந்தேன். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்ட், ஆக்ஸிஜன் சென்சார், ஆவியாகும் பெட்ரோலைப் பிடிக்கும் அமைப்பு, எதுவும் 'தயார்' இல்லை. ஃபால்ட்களை அழித்தாலோ பேட்டரியைக் கழற்றினாலோ இந்தச் சோதனைகளெல்லாம் முதலிலிருந்து ஓட வேண்டும், வண்டி நன்றாக ஓடினால்தான் முடியும். அதாவது சமீபத்தில் யாரோ ஸ்லேட்டைத் துடைத்திருக்கிறார்கள்.

டிரைவர் சீட்டின் ஏறும் பக்கத் தோல் நைந்து வெடித்திருக்கிறது. பிரேக் பெடல் ரப்பரில் வரி இல்லை. ஸ்டியரிங் பத்து மணி, இரண்டு மணி இடங்களில் வழவழ. 92,000-ஆம். சரி, நம்புகிறவர்கள் நம்பட்டும்.

கறுப்பு வண்டியின் சீட் கிழிசலாகத்தான் இருக்கிறது. ஆனால் அது சொல்கிற வயசும் மீட்டர் சொல்கிற வயசும் ஒன்று.

நவம்பர் 9

தூக்கம் வரவில்லை. ராத்திரி முழுக்கப் பழைய வண்டிகளின் ஜாதகம் படித்தேன்.

ஒரு கிரேக்க டாக்ஸிக்காரர் 1976 மாடல் மெர்சிடிஸ் 240 டி-யை 46 லட்சம் கி.மீ. ஓட்டி, 2004-இல் கம்பெனியின் மியூசியத்துக்கே கொடுத்திருக்கிறார். 1996 லெக்ஸஸ் எல்எஸ் 400 ஒன்று பத்து லட்சம் மைலைத் தாண்டியிருக்கிறது. படிக்கப் படிக்கத் தைரியம் வருகிறது, அதுதான் ஆபத்து. கிரேக்கர் எஞ்சின்களை மாற்றி மாற்றிப் போட்டுத்தான் அந்தத் தூரம் போனார். அந்த டீசலில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸும் கிடையாது. பாதி வழியில் நொறுக்கப்போன வண்டிகளைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

மறுபக்கமும் படித்தேன். 2002-இல் வந்த மெர்சிடிஸ் இ-கிளாஸில் எலக்ட்ரானிக் பிரேக் பம்ப், பிரேக் மிதிப்பதையெல்லாம் எண்ணிக்கொண்டே வருமாம். கணக்கு முடிந்தால் எச்சரிக்கை, பம்ப்பை மாற்று. 2006-இல் அந்த பிரேக்கையே கைவிட்டார்கள். ஆடியின் பிற்கால 4.2 வி-8 எஞ்சினில் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் வேலை என்றால் எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். 'இந்த பிராண்ட் நல்லது, அந்த பிராண்ட் மோசம்' என்கிற பேச்சில் அர்த்தமில்லை. எந்த எஞ்சின், எந்த வருஷம், எந்தப் பாகம் என்று கேட்டால்தான் உருப்படியான பதில் வரும்.

நவம்பர் 10

பையன் போனை எடுக்கவில்லை.

நவம்பர் 11

எடுத்தான். "காலையில வாங்க, ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வைக்கிறேன்" என்றான். கத்தாத குறையாகச் சொன்னேன், தொடவே தொடாதே தம்பி என்று. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்தால்தான் அதன் குறை காதில் விழும்.

நவம்பர் 12

ஆறரைக்குப் போய்விட்டேன். பானெட்டில் கை வைத்தேன். சில்லென்றிருந்தது. நல்ல பையன்.

சாவியைத் திருப்பியதும் ஒரு கரகரப்பு, நொடிகூட இல்லை, அடங்கிவிட்டது. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் பிரஷர் ஏறும்வரை வருகிற சத்தம். அது நீண்டிருந்தால் அங்கேயே கும்பிடு போட்டிருப்பேன். ஐடிலில் நன்றாக ஓடவிட்டு, சைலன்சர் பக்கம் குனிந்து நின்று, மிதிக்கச் சொன்னேன். நீலமாக ஒரு சின்னப் புகை. இரண்டாவது மிதிப்பில் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் ஓட்டும்போதும் விடாமல் புகையும். இது வால்வில் ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் சீல் இறுகியதால் ஐடிலில் சொட்டிய ஆயில். ரப்பர் ஏன் இறுகியது? வயசா, இல்லை நின்றதா?

மறுபடி அந்த 2016.

நவம்பர் 13

கிடைத்துவிட்டது! பதில் ஃபைலிலேயே இருந்திருக்கிறது. 2016 ஜூன் பில்லில் 1,88,340. 2019 ஜனவரி பில்லில் 1,90,075. இரண்டரை வருஷத்தில் 1,735 கி.மீ. பில் தொலையவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. வண்டி நின்றிருக்கிறது. முன் டயர்களின் பக்கவாட்டில் 4818 என்று எண் இருந்ததை நேற்றுப் படமெடுத்திருந்தேன். 2018-இன் 48-ஆவது வாரம். திரும்ப ஓட ஆரம்பித்தபோது போட்ட டயர் இது. பின்சக்கரம் தள்ளுகிற வண்டி என்பதால் பின் டயர்கள் முதலில் தேய்ந்து, 2022-இல் மாறியிருக்கின்றன. எல்லாம் பொருந்துகிறது.

ஏன் நின்றது என்று அவனிடம் கேட்டேன். "அப்போ அப்பாவால ஓட்ட முடியல." அதற்கு மேல் கேட்கவில்லை.

நவம்பர் 14

சந்தோஷம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. நின்ற வண்டி என்றால் வேறு கவலைகள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும் (2019-இல் மாற்றியிருக்கிறார்கள், நல்லது). சீல்கள் காய்ந்திருக்கும். எல்லாவற்றையும்விட சன்ரூஃப். அதன் மூலைகளிலிருந்து தண்ணீர் இறங்கும் குழாய்களில் இலையும் தூசியும் அடைத்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். இந்த மாதிரி வண்டிகள் பலவற்றில் எலக்ட்ரானிக் கன்ட்ரோல் யூனிட்கள் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் இருக்கின்றன. பச்சை பூத்த ஒரு கனெக்டர் போதும். கண்ணாடி தானாக இறங்கும், வைப்பர் தானாக ஆடும், யாராலும் காரணம் சொல்ல முடியாது. எஞ்சின் பழுதுக்கு ஒரு முடிவு உண்டு, மின்சாரப் பழுதுக்கு அது கிடையாது.

நவம்பர் 17

நாளை வண்டியை மெக்கானிக் அண்ணன் பட்டறையில் ஒரு ராத்திரி விட ஒத்துக்கொண்டான். அவன் அம்மாதான் சரி என்று சொன்னாராம்.

நவம்பர் 18

லிஃப்டில் ஏற்றிப் பார்த்தோம். அடியில் துரு மேலோட்டம்தான். வால்வு கவர் கேஸ்கெட்டில் கசிவு. பெயின்ட்டின் தடிமனை அளக்கும் மீட்டர் பெரும்பாலும் 110, 130 மைக்ரான் காட்டியது. பின் இடது கதவில் மட்டும் 240. திரும்ப அடித்திருக்கிறார்கள், பட்டி பூசவில்லை.

கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் இருந்த ஸ்பாஞ்சைக் கைநிறையப் பிழிந்தேன். காய்ந்திருக்கிறது. மோந்தும் பார்த்தேன். அண்ணன் சிரித்தார்.

அப்புறம் அவர் பானெட்டைத் திறந்து வைத்தபடியே அதன் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடினார், மூடியிருப்பதாக வண்டி நினைக்கட்டும் என்று. நிற்கும்போது வண்டி எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பார்க்க, சாவியால் பூட்டிவிட்டு, பேட்டரி வயரில் மீட்டரை வைத்துக் காத்திருந்தோம். முதலில் ஆம்பியர் கணக்கில் இழுத்தது. ஒவ்வொரு யூனிட்டாகத் தூங்கப் போக, எண் படிப்படியாக இறங்கியது. அரை மணி கழித்து 32 மில்லி ஆம்பியர். ஐம்பதுக்குள் இருந்தால் போதும் என்றார். எனக்கு அந்த எண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ராத்திரியில் எந்த மூலையிலாவது காற்று இறங்குகிறதா என்று பார்க்க, போகும்முன் நாலு சக்கர வளைவுகளின் உயரத்தையும் டேப்பால் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினோம்.

நவம்பர் 19

மூன்று மூலை அப்படியே. பின் இடது 22 மி.மீ. இறங்கியிருந்தது.

சோப்புத் தண்ணீர் தெளித்ததும் ஏர் ஸ்பிரிங்கின் மடிப்பில் குட்டிக் குமிழிகள் வரிசையாக வந்தன. "இதை இப்படியே விட்டா கம்ப்ரஸர் விடாம ஓடி அதுவும் எரிஞ்சிடும்" என்றார் அண்ணன். வாங்கினால் முதல் வாரமே மாற்ற வேண்டும். அவரைக் கேட்டேன், நீங்களாக இருந்தால் வாங்குவீர்களா? "வாங்குற காசுல பாதி தனியா இருக்கா?" என்று திருப்பிக் கேட்டார்.

நவம்பர் 20

இருக்கிறது. தம்பிக்குத்தான் தெரியாது.

நவம்பர் 22

கியர்பாக்ஸ். இன்று முழுக்க அதே நினைப்பு. ஃபைலில் எல்லாம் இருக்கிறது, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியது மட்டும் இல்லை. 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று கார் கம்பெனிகள் எழுதிவிட்டன. யாருடைய ஆயுள்? கியர்பாக்ஸ் செய்கிற இசட்எஃப் கம்பெனியே தன் ஆட்டோமேட்டிக்குகளுக்கு 80,000-லிருந்து 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. ஓட்டிப் பார்த்ததில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது லேசாக ஒரு தயக்கம். சூடானதும் போய்விட்டது. நானாகக் கற்பனை செய்கிறேனா?

எட்டாயிரத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றிய மனிதர் இதை விட்டிருப்பாரா?

நவம்பர் 23

அவனைத் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் பீரோவில் இன்னொரு கவர் இருக்கிறதாம்.

நவம்பர் 25

பில்லின் படம் வந்தது. கியர்பாக்ஸ் ஆயில்தான், ஃபில்டரோடு. மூலையில் அதே பேனா: 2,04,910.

ஏர் ஸ்பிரிங், முன் டயர் இரண்டு, கேஸ்கெட் செலவைக் கழித்து ஒரு தொகை சொன்னேன். அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.